நாய் சாப்பிடவில்லையா? முதலில் ஈறைப் பாருங்கள்



"அக்கா, ரெண்டு நாளா நாய் சாப்பிட மாட்டேங்குது. என்னா கொடுக்கலாம்?"

வானொலியில் செல்லப் பிராணிகளைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் வாட்சப்பில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கேட்பவர் தோட்டத்தில் இருக்கலாம், தாமானில் இருக்கலாம், கொண்டோமினியத்தின் பதினெட்டாவது மாடியில் இருக்கலாம். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

கேள்வியில் குறை சொல்ல முடியாது. நாம் வளர்ந்த விதம் அப்படி. வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்தால் நம் அம்மாக்கள் கேட்கும் முதல் வார்த்தை "சாப்பிட்டியா?" என்பதுதானே. அதே பாசம் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் போகிறது. வெறும் சோற்றை முகர்ந்துவிட்டுப் போனால் மறுநாள் கோழி ஈரல் அவிகிறது. அதையும் தொடவில்லை என்றால் பாலில் முட்டையை அடித்து ஊற்றுகிறோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமா ஒரு வைத்தியம் சொல்கிறார். நான்காம் நாள் நாய் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடுகிறது. அப்போதுதான் காரை எடுக்கிறோம்.

அந்த மூன்று நாள்கள்தான் இந்த வாரக் கட்டுரை. நல்ல சாப்பாடு நாயை ஆரோக்கியமாக வைத்திருக்கும். ஆனால், சாப்பிட மறுக்கும் நாயைச் சாப்பாட்டை மாற்றிக் குணப்படுத்த முடியாது. நம் கை வைத்தியம் எதுவரை போதும், எங்கிருந்து மருத்துவர் வேண்டும் என்ற எல்லைக்கோடு தெரிந்திருந்தால் பல நாய்கள் பிழைக்கும்.

இரண்டு செர்டாங்

நான் சொல்வது கெடாவின் செர்டாங்கை. பெயரைச் சொன்னவுடன் பலர் சிலாங்கூர் செர்டாங்கைத்தான் நினைப்பார்கள். அங்கேதான் மலேசிய புத்ரா பல்கலைக்கழகமும், அதன் கால்நடை மருத்துவக் கல்வி பீடமும், பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனையும் இருக்கின்றன. நாட்டின் கால்நடை மருத்துவர்களில் பலர் படித்து வந்த இடம் அது.

நம் செர்டாங் பண்டார் பாரு மாவட்டத்தில், கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் செம்பனையும் பால்மரமும் கம்பமும். இங்குள்ள நாய்க்குக் காலையில் தோட்டத்து மண், மத்தியானம் கால்வாய்த் தண்ணீர், இரவில் காவல். அதற்குப் பிடிக்கும் நோய்களும் இந்த மண்ணிலிருந்தே வருகின்றன. உண்ணி, கொசு, எலி, எலிக்கு வைக்கும் விஷம், புல்லுக்கு அடிக்கும் மருந்து. நகரத்து நாயின் பிரச்சினை பெரும்பாலும் அதிகச் சாப்பாடும் குறைந்த நடையும். இந்தப் பக்கத்து நாயின் கதை வேறு.

தோட்டத்திலிருந்து விலங்கு கிளினிக்குக்குப் போவதென்றால் பெரும்பாலும் பக்கத்துப் பட்டணத்துக்கு வண்டி எடுக்க வேண்டும். ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டும். செலவும் உண்டு. ஆகவே "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று தோன்றுவது இயல்பு. எந்த நோயில் ஒரு நாள் பார்க்கலாம், எதில் ஒரு மணி நேரம்கூடப் பார்க்கக்கூடாது என்பதை வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

இரண்டு நிமிடச் சோதனை

நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஓர் இடத்தை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையைச் சற்று இழுத்து உள்பக்கத்து நிறத்தைப் பார்க்கலாம்.

ஈறு வெளுத்துக் காகிதம்போல் இருந்தால் உடலில் இரத்தம் குறைகிறது என்று அர்த்தம். மஞ்சளாக இருந்தால் கல்லீரலிலோ இரத்த அணுக்களிலோ கோளாறு. நீலம் ஓடியிருந்தால் மூச்சுப் பிரச்சினை. ஈறில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளுக்குள் இரத்தம் கசிகிறது. இவற்றில் எது தெரிந்தாலும் அடுப்பில் இருக்கும் ஈரலை மறந்துவிட்டுக் கார் சாவியை எடுங்கள்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் வெஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது காய்ச்சலைக் காட்டாது. நாயின் இயல்பான சூடு ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சலாக இருக்கும் அளவு அதற்குச் சாதாரணம். 39.5-ஐத் தாண்டி, சாப்பாடும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

நாய்க்கு வரும் 'டிங்கி'

நம் வட்டாரத்தில், ஈறு வெளுத்து, சாப்பிடாமல் படுக்கும் நாய்க்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். கொசு கடித்து நமக்கு டிங்கி வருவதுபோல, உண்ணி கடித்து நாய்க்கு இது வருகிறது. டிங்கியில் பிளேட்லெட் குறைவதை நாம் எல்லாரும் அறிவோம். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். மூக்கில் இரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் கன்றிய தழும்புகள் தெரியலாம். பபேசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களையே உடைக்கும். சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் அதையும் நினைக்க வேண்டும்.

இந்த நோய்க்கும் நம் வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களிடம் மூக்கில் இரத்தம் வடிந்து உருக்குலையும் ஒரு நோய் கண்டது. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியாயின. காரணம் எர்லிக்கியா என்பது ஆராய்ச்சியில் உறுதியானது. அந்த நாய்களுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அளந்து உணவு போட ஆளும், பார்த்துக்கொள்ள மருத்துவரும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு சின்ன உண்ணி அவற்றைச் சாய்த்தது.

நல்ல செய்தி, இன்று இதற்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையைப் பொதுவாக 28 நாள்கள் கொடுப்பார்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிக்கொண்டு சோற்றுத் தட்டைத் தேடி வரும். "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி உடம்பில் தங்கி, சில மாதமோ சில ஆண்டோ கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்போது திரும்பக் காப்பாற்றுவது கடினம். கொடுத்த மாத்திரை தீரும்வரை கொடுங்கள். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீரும் குடிக்க வையுங்கள்.

உண்ணி விஷயத்தில் இன்னொன்று. நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் ஒரு பகுதிதான். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் நாய்க் கூண்டின் இடுக்கிலும் பழைய சாக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயைக் குளிப்பாட்டிவிட்டுக் கூண்டை விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். படுக்கும் சாக்கை மாற்றுங்கள், துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள், விரிசலை சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

உடம்பில் இருக்கும் உண்ணியைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, விரல் நகத்தில் நசுக்குவது எதுவும் வேண்டாம். காது மடல், கழுத்துப் பட்டையின் அடி, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலின் அடி ஆகிய இடங்களை விடாமல் பாருங்கள். இப்போது மாதத்துக்கு ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் உண்ணித் தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. முதுகில் ஊற்றும் மருந்தும் உண்டு. வலிப்பு வந்திருக்கும் நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சில பூனையைக் கொன்றுவிடும்.

வெளுத்த ஈறுக்கு இன்னொரு காரணம்

செம்பனைத் தோட்டங்களில் எலித்தொல்லை எப்போதும் உண்டு. அதற்காகவே கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கும் தோட்டங்களும் நம் நாட்டில் இருக்கின்றன. ஆந்தையோடு விஷக் கட்டியும் போடுகிறார்கள். இந்த விஷத்தில் பெரும்பாலானவை இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பவை. நாய் அந்தக் கட்டியைத் தின்றாலும், விஷம் தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்துதான். அன்றே ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள்கள் கழித்துத்தான் சோர்வு, இருமல், வெளுத்த ஈறு, சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் என்று ஆரம்பிக்கும்.

இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. மருத்துவரிடம் சீக்கிரம் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விஷப் பொட்டலத்தின் உறை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். அவர் பார்க்க விரும்பும் முதல் பொருள் அதுதான். புல்லுக்கு மருந்து அடித்த நாளில் நாயைக் கட்டிப் போடுங்கள். காலை நக்கும் பழக்கம் அதற்கு உண்டென்பதை மறக்கக்கூடாது.

தட்டில் என்ன இருக்கிறது?

இனி சாப்பாடு. நம் வீட்டு நாய்களில் பாதிக்கு மேல் மீந்த சோற்றில்தான் வளர்ந்தன. சோறு நாய்க்குக் கெடுதல் இல்லை. சோற்றோடு போகும் குழம்புதான் கெடுதல். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கியதாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். கறிக்குழம்பில் வெங்காயம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால் நமக்கு உறைப்பதில்லை. எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்பும் கோழித் தோலும் கணையத்தை வீங்க வைத்து, வாந்தியும் தாங்காத வயிற்று வலியும் கொடுக்கும். தீபாவளிக்கு மறுநாள் நாய் முதுகை வளைத்துக்கொண்டு நின்றால் அதை நினைத்துப் பாருங்கள்.

வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் மைலோவும் கொக்கோ. கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். கேசரியும் பாயசமும் மிஞ்சியது என்று தட்டில் கொட்டும் முன் உள்ளே கிடக்கும் திராட்சையை எண்ணுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். பொட்டலத்துப் பசும்பால் பல பெரிய நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்படியானால் வீட்டுச் சாப்பாடே கூடாதா? கொடுக்கலாம். நமக்குத் தாளிக்கும் முன் நாய்க்குத் தனியாக எடுத்து வையுங்கள். உப்பில்லாமல் அவித்த கோழி, முள் எடுத்த மீன், வெந்த முட்டை, பூசணிக்காய், கேரட், கொஞ்சம் சோறு. இவை நல்லவை. நெத்திலி போடுவதாக இருந்தால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவுங்கள்.

ஆனால், கோழியும் சோறும் மட்டுமே ஆண்டு முழுக்கப் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டி, எலும்பிலிருந்து கால்சியத்தை இழந்து கால் வளைந்து நிற்கும். ஆகவே கடையில் விற்கும் உலர் உணவில், குட்டிக்குக் குட்டி என்றும் வளர்ந்த நாய்க்கு வளர்ந்தது என்றும் எழுதிய, முழுமையான சமச்சீர் உணவு என்று அச்சிட்ட ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொடுக்கும் மற்ற எல்லாம் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால், மருத்துவரிடம் கேட்டுக் கால்சியமும் மற்ற சத்துகளும் சேர்க்க வேண்டும்.

அளவும் முக்கியம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசி நாள்வரை கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் நடுத்தரக் கணக்கில் 13 வயதுவரை இருந்தன. மற்றவை 11.2. ஏறக்குறைய இரண்டு வருடம்! மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உங்கள் நாயின் விலாவில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்தி நிற்கக்கூடாது. தாமானில் வளரும் குண்டு நாய்க்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

வயிற்றுப் போக்கு: யாருக்கு வீட்டு வைத்தியம்?

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, மலம் மட்டும் இளகிப் போகிறது. இதற்கு வீட்டில் பார்க்கலாம். குழைந்த சோறு இரண்டு பங்கு, தோலுரித்து அவித்த கோழி ஒரு பங்கு, ஒரு கரண்டி பூசணிக்காய். நாளுக்கு நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு நாளில் தேற வேண்டும்.

குட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. நான்கு மாதக் குட்டி வாந்தி எடுத்து, இரத்தத்தோடு துர்நாற்றமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். 1978-இல் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய இந்த வைரஸ், குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் ஒரு குட்டி செத்த வீட்டில் அடுத்து வாங்கி வரும் குட்டியும் சாகிறது. அதை ராசி என்று சொல்லிவிடுகிறோம். தரையைச் சோப்பால் கழுவியபின், ஒரு பங்கு குளோராக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் சிமெண்ட் தரையில் வைரஸ் சாகும். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஓர் ஊசி போட்டு நிறுத்தினால் பாதுகாப்பு நிச்சயமில்லை.

சொறியும் கறுப்பு எண்ணெயும்

தோட்டப் பக்கம் சொறி பிடித்த நாயைப் பார்த்தால் யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைக் கொண்டு வருவார். காலம் காலமாக நடப்பது. தயவுசெய்து இனி வேண்டாம். அந்த எண்ணெயில் உலோகத் துகளும் நச்சும் இருக்கின்றன. தோல் அதை உறிஞ்சும். நாய் மிச்சத்தை நக்கும். தோல் வெந்து, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

சொறிக்குக் காரணம் தோலைத் துளைக்கும் ஒரு நுண்ணிய பூச்சி. ஒரு வகை, வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பைக் கொடுக்கும். வேப்பிலைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், மஞ்சள் பார்க்க நன்றாக இருக்கும்; உள்ளே புதைந்திருக்கும் பூச்சியை இரண்டும் கொல்வதில்லை. மேலே சொன்ன உண்ணி மாத்திரைகளில் பல, சொறிப் பூச்சியையும் கொல்லும். ஒரே செலவில் இரண்டு காரியம். மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய விஷயம் ஈரம். மழையில் நனைந்து வந்த நாயின் விரலிடுக்கு, அக்குள், காது மூன்றையும் துடைத்துக் காயவிடுங்கள். தொங்கும் காதுள்ள நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தால், காதில் நாற்றம் வந்தால், அது காது நோய். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். குளிப்பாட்ட நம் ஷாம்பு வேண்டாம். நாய்க்கென்று விற்பதே போதும், மாதம் இரண்டு முறை. எல்லாம் செய்தும் வருடம் முழுக்க அரிப்பு என்றால் சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, இதுவரை தின்றே இராத ஒரு வகை இறைச்சியை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த எட்டு வாரத்தில் பாட்டி ரகசியமாக ஒரு ரொட்டித் துண்டு போட்டாலும் சோதனை வீண்.

கொசு கொண்டு வரும் புழு

கொசு நிறைந்த நம் நாட்டில் இதயப்புழுவைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கொசு கடிக்கும்போது நாயின் உடம்பில் நுழையும் புழுக்குஞ்சு, ஆறேழு மாதத்தில் வளர்ந்து நுரையீரல் இரத்தக் குழாயிலும் இதயத்திலும் நூல் நூலாகக் கிடக்கும். ஐந்து முதல் ஏழு வருடம் அங்கேயே வாழும். வயதான நாய் இருமினால், கொஞ்ச தூரம் நடந்து உட்கார்ந்துவிட்டால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். மாதம் ஒரு மாத்திரையில் தடுக்கக்கூடிய நோய் இது. ஏற்கெனவே வளர்ந்த நாய் என்றால், தடுப்பு தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை அவசியம்.

நம் மருந்துப் பெட்டி நாய்க்கு இல்லை

காய்ச்சல் என்றதும் கை போவது பனடோலுக்கு. நாய்க்கு அது கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை வாங்கும். வலிக்குப் போடும் ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மருத்துவர் சொல்லாமல் நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

2015-ஐ மறக்க வேண்டாம்

2015-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பெர்லிஸில் வெறிநாய்க் கடி நோய் கண்டது. சில வாரங்களில் கெடாவிலும், பிறகு பினாங்கிலும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் தீபகற்பத்தில் அந்த நோய் இல்லாமல் இருந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதும், அதை எதிர்த்து மக்கள் கொதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2017 முதல் சரவாக்கில் இந்த நோய் மனித உயிர்களையும் பலி வாங்கியிருக்கிறது.

அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதனுக்கும் நாய்க்கும் இதிலிருந்து மீட்சி கிடையாது என்றே சொல்லலாம். உணவும் பராமரிப்பும் எட்டாத இடம் இது. தடுப்பூசி மட்டுமே காக்கும். ஆண்டுதோறும் ஊராட்சியில் நாய் உரிமம் எடுக்கும்போது வெறிநாய்த் தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும், நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கிளினிக் கெசிஹாத்தானுக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு

இந்தப் பகுதியைப் படிக்கும் இளையோர் பலர் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறீர்கள். கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். ஆசையாக வாங்கிய நாய் அம்மா அப்பாவிடம் இருக்கிறது. பணம் அனுப்புகிறீர்கள், உணவு மூட்டையை ஆன்லைனில் போட்டுவிடுகிறீர்கள். அத்தோடு வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் "அம்மா, அதோட உதட்டைத் தூக்கிக் காட்டுமா" என்று கேளுங்கள். ஈறின் நிறத்தை நீங்களே பார்த்துவிடலாம். பக்கத்துப் பட்டணத்து கிளினிக்கின் எண்ணையும், அது எந்த நாள் மூடும் என்பதையும் அப்பா கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். மாதத் தடுப்பு மாத்திரை தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாவட்டக் கால்நடை சேவை அலுவலகத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று ஒருமுறை விசாரித்து வையுங்கள். ஒரு முழுச் சிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டால் தடுப்பு மாத்திரையின் செலவு சின்னது என்பதை அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் "வானொலிக்காரி பேசுவா" என்பார்.

கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டியல்:

தினமும்: சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, மலம் எப்படி, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி உண்டா.

வாரம் ஒருமுறை: ஈறு, விலா எலும்பு, காது நாற்றம், படுக்கும் துணி.

மாதம் ஒருமுறை: உண்ணித் தடுப்பு, இதயப்புழுத் தடுப்பு.

ஆண்டுக்கு ஒருமுறை: தடுப்பூசிகள், இரத்தப் பரிசோதனை, உரிமம்.

உடனே கிளினிக்: வெளுத்த, மஞ்சள் அல்லது நீல ஈறு, மூக்கில் இரத்தம், சிவப்புச் சிறுநீர், வலிப்பு, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டுதல், விஷம் தின்ற சந்தேகம், குட்டிக்கு வாந்தியும் கழிச்சலும், வளர்ந்த நாய் ஒரு முழு நாளுக்கு மேல் எதையும் தொடாமல் இருப்பது.

நம் தோட்டத்துக் கோயில்களில் பைரவருக்கு விளக்கேற்றுகிறவர்கள் அவர் பக்கத்தில் நிற்கும் நாயையும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். வாசலில் படுத்திருப்பது அதே நாய்தான். அதற்கு வாய் பேச வராது, "உடம்பு சரியில்லை" என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே வழி தட்டை ஒதுக்கிவிட்டுப் போவது. இன்று இரவு சோறு வைக்கும்போது உதட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். நல்ல நாளில் ஈறு என்ன நிறம் என்று தெரிந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

அடுத்த வாரம் பூனை வளர்ப்பவர்களின் முறை.